இடைவேளை வரைக்கும் பார்ப்போம்

படம் தொடங்குவதற்கு முன்னால் போடுகிற நகைக்கடை விளம்பரத்துக்கே பிள்ளை அசைந்துவிடும் என்றுதான் உலகேஸ்வரி நினைத்திருந்தாள். மேளம் கொட்டுகிறது, கல்யாணப் பெண் கழுத்தைச் சாய்த்துச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து ஒரு இடி விழுகிறது. தென்காசியில் இந்தத் தியேட்டருக்குப் போன வருஷம்தான் புது ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலில் ஏறும் என்று அண்ணன் எப்போதோ சொன்னது இன்று காலையில் ஞாபகம் வந்துதான் அவள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் சொன்னது சரிதான். ஏறியது. செருப்பைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, முழங்கால்வரை தரை நடுங்குவது தெரிந்தது. நாற்காலிக் கையில் செருகியிருந்த பாட்டிலில் தண்ணீர் குலுங்கியது. துப்பட்டாவுக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். வயிறு மட்டும் சும்மா இருந்தது. சரி, விளம்பரம்தானே, நகைக்கடைக்காரன் கத்தினான் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அதற்கென்ன தலையெழுத்தா, படம் போடட்டும், படத்துக்கு அசையும். பக்கத்தில் மைனி பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்து முதல் பிடியை அவள் மடியில் நீட்டினாள். அண்ணன் பெண்டாட்டி அனுசுயா. பேய்ப்படம் என்றால் உயிர், பேய் என்றால் உயிர் போய்விடும், இரண்டும் ஒரே பொம்பளைக்குள் எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேலி பண்ணுவான். முகத்தை இரண்டு கையாலும் மூடி, விரல்களுக்கு நடுவில் இடம் விட்டு, அந்த இடுக்கு வழியாகத்தான் இன்றுவரை எல்லாப் பேய்ப்படத்தையும் பார்த்திருக்கிறாள். "எட்டு மாசக்காரி வாய்விட்டுக் கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாதுட்டி"ன்னு அவள்தான் அம்மாவிடம் தையல்கடைக்குப் போகிறோம் என்று கூசாமல் பொய் சொல்லி அழைத்து வந்தவள். அவளைப் பொறுத்தவரை இது ஒரு மசக்கை. ஒருத்தி மாங்காய் கேட்பாள், ஒருத்தி சாம்பல் கேட்பாள், இவள் பேய் கேட்கிறாள், அவ்வளவுதான். காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தை உலகு வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள்.

பூட்டாமல் என்ன செய்வாள். போன தடவை சொன்னாளே. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில், மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, புருஷன் திருமலைக்குமாரிடம், "என்னங்க, பிள்ளை அசையலங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள், கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. சொல்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது, ஆட்டோ வந்தது, ஆஸ்பத்திரிப் படி வந்தது, இருட்டான ஸ்கேன் அறையில் வயிற்றின் மேல் சில்லென்று அந்தப் பசையைத் தடவினார்கள். சின்னத் திரை. முதல் தடவைகளில் டாக்டரம்மா அந்தத் திரையை இவள் பக்கம் திருப்பி, இது தலை, இது கால், பாருங்க எப்படி ஆட்டம் போடுது என்று காட்டுவார். அன்றைக்குக் கருவியை ஓரிடத்தில் வைத்தார், இன்னோரிடத்தில் வைத்தார், பேசவில்லை. அப்புறம் ஒரு விரலால் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தப் பேயும் எந்தப் படத்திலும் அவளை அப்படிப் பயமுறுத்தியதில்லை. கோரமாக எதையும் காட்டவில்லையே, காட்டாமல் திருப்பிக்கொண்டதுதான். கொடி சுற்றியிருக்கிறது, யார் பேரிலும் தப்பில்லை என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி வேறே. "வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு எவளாவது பேய்ப்படம் பாக்கப் போவாளா?" போனது உண்மைதான். அதே வாரம்தான். இன்றைக்குப் பார்க்க வந்திருக்கிற இதே படத்தின் முதல் பாகம்.

அதை நினைத்தால் இன்னும் சிரிப்புதான் முதலில் வருகிறது, அதுதான் கொடுமை. கண்ணில்லாத பேய். மலைமேல் பங்களாவில் யாரோ கண்ணைப் பிடுங்கிக் கொன்ற ஒரு பெண், சத்தத்தை வைத்து ஆளைத் தேடிப் பிடிக்கிறாள். மூச்சு விட்டால் போச்சு. குமார் ஒரு பக்கம் சமோசாவைக் கடித்துக்கொண்டு மறுகையை அவள் வயிற்றில் வைத்திருந்தான். அதுவரை அவன் கை வைத்தபோதெல்லாம் அது அசையாமல் ஏமாற்றிக்கொண்டிருந்தது; நீ பொய் சொல்ற, உள்ளே ஒன்றும் ஆடவில்லை என்று சண்டை பிடிப்பான். பங்களாவின் கதவு படாரென்று சாத்திக்கொண்டதும் உள்ளே ஒரு துள்ளல். அவன் கை எகிறியே விட்டது. பேய்க்குப் பயப்படாதவன் அதற்கு "ஆ" என்று கத்தினான். முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்து முறைத்தான். அப்புறம் படம் முழுக்க இரண்டு பேரும் பேயைப் பார்க்கவே இல்லை, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பிறகும் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் மாமியார் காரணம் என்று கையில் பிடித்துக் கொடுத்தார். நம்பவில்லை, படித்தவள், நம்ப மாட்டாள். ஆனாலும் கோயம்புத்தூரில் அந்தத் தியேட்டர் வழியாகப் போகிற பஸ்ஸில் அப்புறம் அவள் ஏறியதேயில்லை.

இப்போது திரை இருண்டது. மலை தெரிந்தது, மூடுபனி, அதே பங்களா. போன பாகத்தில் தீ வைத்துக் கொளுத்தினார்களே, எப்படி முழுசாக நிற்கிறது என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான், நாலுபேர் சிரித்தார்கள். படத்தின் பெயர் வந்தது, கீழே சிவப்பாக வழிந்துகொண்டு இரண்டு என்ற எண் வந்தது. விசில். இரண்டு. வீட்டிலும் யாரும் இதை இரண்டாவது என்று சொல்வதில்லை, முதலாவதைச் சொல்ல வேண்டி வருமே என்று. டாக்டர் சீட்டில் மட்டும்தான் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி, "இதுதான் மொதப் பிள்ளையா?"ன்னு கேட்டபோது அம்மா ஆமா என்று சட்டென்று சொன்னாள், உலகுவும் தலையை ஆட்டினாள், அன்றைக்கு ராத்திரி முழுக்க யாரையோ வாசலில் நிறுத்திவைத்துக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. அந்த முதலாவதுதான் கோபித்துக்கொண்டதோ. சீச்சீ, என்ன நினைப்பு. பெற்ற வயிறு இப்படி நினைக்குமா. நினைக்கிறதே. திரையில் ஒரு காலேஜ் கூட்டம் பங்களாவுக்குள் போகிறது, போகாதே என்று தியேட்டரே சொல்கிறது, போகாவிட்டால் படம் எப்படி ஓடும். பியானோ தானாக வாசித்தது. மைனி விரல்களைக் கூட்டி வைத்துக்கொண்டாள். முதல் பயம் எப்போது வரும் என்று உலகுவுக்கு முன்கூட்டியே தெரிந்தது, பாட்டு தேய்ந்து ஒரு நொடி ஒன்றுமில்லாமல் போகும் பார், அப்போதுதான். போனது. வந்தது. தரை குதித்தது. அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், மைனியின் நகம் இவள் தோளில் பதிந்தது. உலகு கத்தவில்லை. அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ம்ஹும். கொஞ்சம் பொறுத்து இடப்பக்கம் ஏதோ குடைந்தது போலிருந்தது, அப்பா, என்று மூச்சு விடப்போனாள், அது வெறும் வயிற்றுக் கடமுடா, காலையில் விழுங்கிய இட்லி. விழுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், அம்மா பார்த்துக்கொண்டிருந்தாளே என்று. தினமும் முதல் இட்லிக்கே பிள்ளை காலை நீட்டும். இன்றைக்கு இல்லை. காப்பிக்கு இல்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தாள், இல்லை. விரலால் தட்டினாள், ஆள் இருக்கிறீர்களா என்று வாடகை வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. இல்லை. நேற்று ராத்திரி? படுத்ததும் ஒரு புரளல் இருந்தது, இருந்ததா, அது முந்தாநாள் ராத்திரியா? யோசிக்க யோசிக்கக் கடைசி அசைவு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இடைவேளை வரைக்கும் பார்ப்போம் என்று முடிவுபண்ணினாள். இடைவேளைக்குள் அசைந்துவிட்டால் யாரிடமும் எதையும் சொல்லவே வேண்டாம்.

முன்கை அரித்தது. சொறியப் போனால் துணிதான் கையில் பட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் இரண்டு கையிலும் பழைய பருத்தித் துண்டைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தாள். துணிக்குள்ளே வளைகாப்பு வளையல்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. "என்னட்டி கையில கட்டு?"ன்னு ஆட்டோவில் மைனி கேட்டபோது, "உரசி உரசிப் புண்ணாயிட்டு மைனி" என்றாள். அதுவும் பொய். இன்றைக்குப் பொய்க்குப் பஞ்சமில்லை. நேற்றுச் சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது கை சுவரில் பட்டு ஒரு சிவப்பு வளையல் உடைந்துவிட்டது. டிக் என்று ஒரு சத்தம். துண்டுகள் காலடியில் விழுந்தன. சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மா அடுக்களையில் இருந்தாள். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, முருங்கை மரத்தடியில் மண்ணைப் பறித்துப் போட்டு மூடினாள், ஏதோ கொலை செய்தவள் மாதிரி. இன்னொன்று உடைந்தால் தாங்க முடியாது. உடையவிட்டால்தானே. உள்ளே போய்த் துண்டைக் கிழித்து, ஒன்றோடொன்று முட்டாதபடி, அசையாதபடி, மூச்சுவிடாதபடி அத்தனையையும் கட்டிப்போட்டாள். போன மாசம் வளைகாப்பில் மாமியார்தான் முதல் வளையலைப் போட்டார். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர், சந்தனத்தை அவரே கன்னத்தில் தடவினார். "இந்தச் சத்தந்தான் உள்ள இருக்கதுக்குத் தெரியும். அம்ம இருக்கான்னு தைரியமா இருக்கும். பெறுத வரைக்கும் கழத்திராத தாயி" என்றார், தாயி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதல் பிள்ளைக்கு இந்தச் சத்தம் கிடைக்கவேயில்லை, வளைகாப்பு வரைக்கும் அது இருக்கவில்லை. கழற்றவில்லை அத்தை, கட்டித்தான் வைத்திருக்கிறேன். உடைந்த வளையலும் அசையாத வயிறும் ஒரே நாளில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க மட்டும் அவளுக்குத் தைரியம் இல்லை. அர்த்தம் எல்லாம் கிடையாது என்று படித்த மூளை சொன்னது. மூளை சொல்வதை வயிறு கேட்டால்தானே.

விளக்குப் போட்டார்கள். இடைவேளை. ஒன்றும் அசையவில்லை. வெளிச்சத்தில் எல்லோரும் தங்கள் பயத்துக்கு வெட்கப்பட்டு உரக்கச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். பேய் வந்தபோது யார் அதிகமாகக் கத்தியது என்று ஒரு கூட்டம் சண்டை போட்டது. பாத்ரூம் வரிசையில் முன்னால் நின்ற பருத்த அம்மாள் திரும்பி உலகுவை மேலும் கீழும் அளந்தாள். "எத்தன மாசம்?" "எட்டு." "எட்டு மாசத்துல இந்தக் கண்றாவியப் பாக்கவா வந்த? வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" மைனிதான் குறுக்கே விழுந்தாள். "உள்ள இருக்கது பயப்படாதுக்கா, நாந்தான் பயந்து சாவுதேன், என்னைய வேணா திட்டுங்க." வரிசையே சிரித்தது. உள்ளே இருக்கிறது பயப்படாது. பயப்படேன், ஒரு தடவை பயப்படேன், உன்னைப் பயங்காட்டத்தானே இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தேன். மைனி வாங்கிக் கொடுத்த குளிர்ந்த மாம்பழ ஜூஸை ஒரே மூச்சில் குடித்தாள். இனிப்பாகக் குளிர்ச்சியாக ஏதாவது குடித்தால் முழித்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொண்டையில் இறங்குகிறது, நெஞ்சில் இறங்குகிறது, இதோ அதன் தலைமாட்டைத் தொட்டிருக்கும், இதோ. அப்போது போன் அடித்தது. குமார். எடுக்காமல் விட்டால் அம்மாவுக்கு அடிப்பான். "என்ன பண்ற?" "சும்மா, மைனி கூட தையல்கடைக்கு வந்தேன்." "பாப்பா என்ன பண்ணுது? ஆடுச்சா?" தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் பதில் சொல்வதற்கு முன்னால் அது ஒரு முட்டு முட்டும். "தூங்குது" என்றாள். அந்தச் சொல் வாயை விட்டு வெளியே போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது தூக்கத்துக்கு மட்டும் சொல்கிற சொல் இல்லையே. "போன வயித்துக்கிட்ட வை" என்றான். வைத்தாள். வேறென்ன செய்வாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து, வயிற்றின் மேட்டிலிருந்து, புருஷன் குரல் சின்னதாகக் கேட்டது: ஏ குட்டி, என்ன தூக்கம் பகல்ல, எந்திரி, அப்பா பேசுதேன்லா. பாப்கார்ன் எந்திரத்துக்குப் பக்கத்தில், பப்ஸ் தின்கிற ஜனங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவன் யாரிடம் பேசுகிறான் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பதில் சொல்ல உள்ளே யாராவது இருக்கிறார்களா. கண்ணில் நீர் முட்டியது. "சரி வச்சிரட்டா, கூட்டமா இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

இப்போதே சொல்லிவிடலாம். வெளியே ஆட்டோ நிற்கிறது, ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான். ஆனால் போனால் அந்த இருட்டு அறை, அந்தப் பசை, அந்த விரல் திரையைத் திருப்புவது. இங்கேயும் இருட்டு அறைதான், இங்கேயும் திரைதான், ஆனால் இந்த இருட்டில் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. இங்கே இருக்கிற வரைக்கும் அது தூங்குகிறது. இடைவேளை வரைக்கும் என்றுதானே பேச்சு? ஆமாம், ஆனால் இடைவேளைக்கு அப்புறம்தானே பேய் முழுசாக வெளியே வரும், சத்தமெல்லாம் அப்போதுதானே. அதற்கும் ஒரு தடவை விட்டுப் பார்க்கலாம். தன்னையே இப்படி ஏமாற்றிக்கொண்டு அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலி அவள் எழுந்துபோன சூட்டோடு இருந்தது. படம் ஓடியது. பேய் முழுசாகத்தான் வந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி, நீள முடி, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கிற அந்தப் பழைய நடை. மாடியிலிருந்து ஒருத்தன் விழுந்தான், கண்ணாடி நொறுங்கியது, நாய் ஊளையிட்டது, கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன, படார் படார் படார். ஒவ்வொரு படாருக்கும் தியேட்டர் துள்ளியது, ஒவ்வொரு படாருக்கும் அவள் ஒன்றுமில்லாத ஒரு இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு கதவுக்கே துள்ளினாயே. இல்லை, அது நீ இல்லை. அது உனக்கு மூத்தது. ஐயோ, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேனே, அதற்குத்தான் வாய்திறக்க மாட்டேன் என்கிறாயா. வியர்த்தது. ஏசி குளிரில் முதுகு நனைந்து சட்டை ஒட்டியது. யாரோ பின்னால் கால் ஆட்டினார்கள், அந்த ஆட்டம் நாற்காலி வழியாக வந்து வயிற்றில் அசைவுபோல ஏமாற்றியது. எழுந்து அவன் காலை உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. மணி என்ன ஆகியிருக்கும். தாமதமாகிவிட்டது என்று அன்றைக்கு ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்ததே. கொஞ்சம் முன்னால வந்திருந்தா. அதை மட்டும் அவள் குமாரிடம்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால். எவ்வளவு கொஞ்சம்? ஒரு சாப்பாட்டு நேரமா, ஒரு படத்து நேரமா?

திரையில் எல்லோரும் செத்துவிட்டார்கள், ஒரு பெண்ணும் ஒரு சின்னக் குழந்தையும்தான் மிச்சம். இருவரும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். பேய் வந்து அதே கட்டிலின் மேல் உட்கார்ந்தது. கட்டில் கீழே தொய்ந்து அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டது. அப்புறம் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள். பின்னணி இசை இல்லை, காற்று இல்லை, ஒன்றுமே இல்லை. பேய் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. தியேட்டரும் கேட்கிறது. பாப்கார்ன் தின்றவர்கள் வாயில் வைத்ததை மெல்லாமல் வைத்திருந்தார்கள். ஏசியின் ஊம் என்ற சத்தம் மட்டும். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு அமைதியாக இருந்து உலகு பார்த்ததில்லை. அந்த அமைதியில் அவளும் தலையைச் சாய்த்துத் தன் உள்ளே கேட்டாள். ஒன்றுமில்லை. கட்டிலுக்கடியில் அந்தப் பெண் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண் பிதுங்கியது. பயத்தில் அவள் அழுத்துகிற அழுத்தில் மூக்கும் சேர்ந்து மூடியிருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை, அவள் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுடீ என்று உலகு மனசுக்குள் கத்தினாள். எடுடீ பாவி, பேய் பிடித்தால் பிடிக்கட்டும், பிள்ளைக்கு மூச்சு முட்டுது. அப்படிக் கத்தியதும் அவளுக்குத் தன் பல் இறுகிக் கிடப்பது தெரிந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடக்கிறது. தாடை வலித்தது. நான் யார் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

"மைனி."

"ஸ்ஸ்ஸ்."

"மைனி, காலையிலேருந்து பிள்ளை அசையல."

சொல்லிவிட்டாள். ஆட்டோவும் படியும் பசையும் அப்படியே திரண்டு மேலே வந்து விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். மைனியின் விரல்கள் முகத்திலிருந்து இறங்கின. திரை வெளிச்சத்தில் அந்த முகம் தெரிந்தது, இரண்டு மணி நேரமாகப் பேய்க்குப் பயந்து வெளிறிக் கிடந்த முகத்தில் இப்போது பேயும் இல்லை, பயமும் இல்லை. "காலையிலேருந்தா? இப்பச் சொல்லுத?" என்றாள் மிக மெல்ல. திட்டு அவ்வளவுதான், அதற்கு மேல் நேரத்தை வீணாக்கவில்லை. "கையக் கொண்டா. வீக்கம் இருக்கா பாக்கணும், மாசக்காரிக்குக் கை வீங்கக் கூடாது, கட்டிக்கிட்டு வேற வந்திருக்கா." இடது கையைப் பிடித்து இழுத்து, முடிச்சைத் தேடி, விரலுக்கு வராமல் போகவே குனிந்து பல்லால் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். துணி சுருளவிழ்ந்து சரிந்தது. நேற்றிலிருந்து கட்டுண்டு கிடந்த அத்தனை கண்ணாடி வளையலும் முழங்கைப் பக்கத்திலிருந்து மணிக்கட்டுக்கு ஒரே சரிவாகக் கலகலவென்று இறங்கின.

அந்த அமைதியில் அது தியேட்டர் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒருத்தன் "எம்மா" என்று அலறினான். அவனைப் பார்த்து அவன் வரிசை அலறியது, வரிசையைப் பார்த்துத் தியேட்டரே அலறியது. யாரோ எறிந்த பாப்கார்ன் தலைக்கு மேலே பறந்தது. பின்னால் ஒரு பொம்பளை முருகா முருகா என்று கூப்பிட்டாள். திரையில் பேய் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்தது, பாவம், தான் ஒன்றுமே செய்யவில்லையே என்பதுபோல. உலகு மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தாள். கை நடுங்கியது. நடுங்க நடுங்க வளையல் மறுபடி மறுபடி குலுங்கியது.

அப்போது வலது விலாவுக்குக் கீழே ஒரு உதை. ஏமாற்று இல்லை, இட்லி இல்லை, பின்சீட்டுக்காரன் கால் இல்லை. குதிகாலை ஊன்றித் தள்ளுகிற ஒரு முழு உதை, இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி. அவளுக்கு மூச்சு நின்று திரும்பியது. கையை அங்கே வைத்தாள். இன்னொன்று. ஸ்பீக்கருக்கெல்லாம் அசையாத கழுதை. இடிக்கு அசையாத கழுதை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அது இந்தச் சத்தத்தைத்தான் கேட்கவில்லை, அதுதானா, அது மட்டும்தானா, அவளுக்குத் தெரியாது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடவில்லை.

"யாருக்கா அது, உசுரே போயிட்டு எனக்கு" என்று முன்சீட்டுக்காரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். "போன உசுரு வந்துட்டுல்லா, வழிய விடுங்க" என்று மைனி உலகுவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். "அசைஞ்சிட்டு மைனி. அசைஞ்சிட்டு." "அசையட்டும், நல்லா அசையட்டும். டாக்டரம்மா பாத்துச் சொல்லாம உன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போமாட்டேன். நட." நடந்தாள். திரையில் மறுபடி சத்தம் கிளம்பியது, பேய் எழுந்துவிட்டது போலிருக்கிறது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சரிவான நடைபாதையில் ஏறும்போது வேண்டுமென்றே இடது கையை ஆட்டிக்கொண்டே ஏறினாள். அவள் கடந்துபோன ஒவ்வொரு வரிசையிலும் யாராவது ஒருத்தர் திடுக்கிட்டார்கள். திடுக்கிடட்டும். கதவருகில் வந்து இன்னொரு முறை குலுக்கினாள், காத்திருந்தாள். அசையவில்லை. உடனே பயம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து எங்கும் போயிருக்கவில்லை அது, கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது, அவ்வளவுதான். பிறந்து, கத்தி, பால் குடித்து, பள்ளிக்கூடம் போய், ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்கு வருகிற வயசிலும் இது இங்கேயேதான் உட்கார்ந்திருக்கும்.

வெளியே நல்ல வெயில். கண் கூசியது. ஆட்டோ கிளம்பியதும் வலது கைக் கட்டை அவளே பல்லால் கடித்து அவிழ்த்தாள். தெருவின் குண்டுகுழிக்கெல்லாம் இரண்டு கையும் குலுங்கியது. ஆஸ்பத்திரி வளைவு தெரிந்தபோது மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, உள்ள போனா அந்தத் திரைய என் பக்கம் திருப்பச் சொல்லணும். என்ன இருந்தாலும் சரி, நான் பாக்கணும்."

"சொல்லுவோம்" என்றாள் அனுசுயா. பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "நானும் பாக்கேன். கைய எடுத்துட்டே பாக்கேன்" என்றாள்.